பாமுக்கலேக்கு அரை நாள் போதாது: டெனிஸ்லி பயண வழிகாட்டி

துருக்கியின் கடற்கரை ஊர்களிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலா வண்டிகள், சுண்ணாம்பு ஊற்றுநீர் படிந்து உருவான வெள்ளை மலையான பாமுக்கலேக்கு உச்சி வெயிலில் வந்து சேரும். ஆட்கள் இரண்டு மூன்று மணி நேரம் வெள்ளைப் பாறையில் நடப்பார்கள், படம் எடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்படிப் போய்வந்த பலர் "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மேல் குற்றமில்லை. கண் கூசும் நேரத்தில், கூட்டம் நெரியும் இடத்தில், மொத்தப் பகுதியில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பார்க்காமல் திரும்பினால் வேறென்ன தோன்றும்?

அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போனபோது கடற்கரையில் தங்காமல், உள்நாட்டில் இருக்கும் டெனிஸ்லி நகரத்திலும் பாமுக்கலே கிராமத்திலுமே தங்கினோம். மூன்று இரவு, இரண்டு முழு நாள், கிளம்பும் நாளில் ஒரு காலைப்பொழுது. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிடக் குறைவாகத் திட்டமிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம். இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் கடைசியில் அது தண்ணீரில் போய் முடியும். வெள்ளை மலையைக் கட்டியது தண்ணீர். அதன் மேல் ஒரு நகரம் எழுந்தது தண்ணீரால். பக்கத்து நகரத்தின் குழாய்களை அடைத்ததும் அதேபோன்ற சுண்ணாம்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரின் வழியே நடந்தால் இடங்கள் ஒன்றோடொன்று தானாகவே இணைந்துவிடும்.

எப்போது போவது, என்ன எடுத்துக்கொள்வது

டெனிஸ்லி துருக்கியின் தென்மேற்கில், மலைகள் சூழ்ந்த சமவெளியின் ஓரத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் பாமுக்கலே. அதைத் தாண்டி இன்னும் 5 கிலோமீட்டரில் காரஹயித். 'பாமுக்' என்றால் பஞ்சு, 'கலே' என்றால் கோட்டை. பஞ்சுக் கோட்டை. 'ஹயித்' என்பது நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்த செடி. ஆகவே காரஹயித்தைக் கருநொச்சியூர் என்று சொல்லிக்கொள்ளலாம். துருக்கிப் பெயர்களை இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் மறக்காது.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும். நிழலே இல்லாத பாறையில் அது மிகவும் கடினம். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் வெறுங்காலோடு நடக்கவேண்டிய இடம் இது என்பதை மறந்துவிடாதீர்கள். ஊற்று சூடாக இருந்தாலும், பாறையில் வழிந்து கீழே வர வரத் தண்ணீர் சில்லிட்டுவிடும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ அந்நாடுகளின் வசிப்பிட அனுமதியோ இருந்தால் மின்விசா எடுக்கலாம். இல்லாதவர்கள் முன்கூட்டியே முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை; துருக்கி அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள், அதைப்போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்களில் பணம் கட்டாதீர்கள்.

பையில் இருக்கவேண்டியவை: கறுப்புக் கண்ணாடி, தொப்பி, குளிக்கும் உடை, துடைத்துக்கொள்ளத் துண்டு, செருப்பைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை. இந்தத் துணிப்பை அற்பமாகத் தோன்றும். கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஈரப்பாறையில் ஒரு மணி நேரம் நடந்தால் அதன் அருமை தெரியும். வழுக்கினால் ஊன்றிக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.

போய்ச் சேர்வது

இஸ்மிர் நகரின் பாஸ்மனே நிலையத்திலிருந்து டெனிஸ்லிக்குத் தினமும் சில ரயில்கள் உண்டு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். எஃபெசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழியில் செல்சுக் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். பேருந்தைவிட மெதுவாகத்தான் போகும், இருந்தாலும் எனக்கு இந்த ரயில்தான் பிடித்தது. இஸ்மிரிலிருந்து ஆய்தின் வரை 1866-இலேயே போட்ட பழைய தடம் இது. மெண்டெரஸ் ஆற்றின் சமவெளி முழுக்க அத்திமரமும் பருத்திக்காடும் ஒலிவத் தோப்பும் சன்னலோரம் வந்துகொண்டே இருக்கும்.

பேருந்து என்றால் இஸ்மிர், அந்தால்யா இரண்டிலிருந்தும் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இஸ்தான்புல்லிலிருந்து இரவுப் பேருந்து பத்து மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். பயணச்சீட்டு வாங்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண் பக்கத்தில் அறிமுகமில்லாத ஆணை உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. வழியில் தேநீர் தருவார்கள். சில வண்டிகளில் உதவியாளர் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன்யாவும் ஊற்றுவார். அது குடிப்பதற்கல்ல, கையைத் துடைத்துக்கொள்ள.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெனிஸ்லி விமான நிலையம் சார்தாக் என்ற ஊரில், நகரத்திலிருந்து 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமானம் வரும் நேரத்தை ஒட்டிப் பேருந்து விடுகிறார்கள். அதைத் தவறவிட்டால் டாக்சிக்கு நிறையக் கொடுக்கவேண்டி வரும்.

ரயில் நிலையமும் 'ஓட்டோகார்' என்கிற பேருந்து நிலையமும் எதிரெதிரே, ஒரே சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஓட்டோகாரின் கீழ்த்தளத்திலிருந்து பாமுக்கலே, காரஹயித் செல்லும் 'தொல்முஷ்' எனப்படும் பங்கு வேன்கள் அடிக்கடி கிளம்பும். நான் ஏறியது 76-ஆம் நடைமேடையில். முன்கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அரை மணி நேரப் பயணம். இறங்கும் இடம் வந்ததும் "இனெஜெக் வார்" என்று உரக்கச் சொன்னால் நிறுத்துவார்கள். 'இறங்க ஆள் இருக்கு' என்றுதான் பொருள். அம்மா ஏறியதும் ஒரு பையன் எழுந்து "புயுர் தெய்ஸே" என்று இடம் கொடுத்தான். 'உட்காருங்க பெரியம்மா' என்பது போன்ற சொல். பெரியவர்களுக்கு எழுந்து இடம் விடுவது அங்கே யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பழக்கம்.

ஆனால் ஓட்டோகாரில் மேலேயே நின்று "பாமுக்கலே, பாமுக்கலே" என்று கூப்பிடுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். அப்படி ஒருவர் பின்னால் போய் நாங்கள் ஏறிய வேன், கிராமத்துக்குப் போகாமல் நேரே ஒரு பயண முகவர் கடைவாசலில் நின்றது. அரை மணி நேரம் சுற்றுலாத் திட்டங்களைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. பெரிய நஷ்டமில்லை, ஆனாலும் களைப்போடு வந்திருக்கும் நேரத்தில் எரிச்சலாக இருந்தது. கீழ்த்தளத்துக்கு நீங்களே இறங்கிப் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதில் எனக்குப் பிடித்த பழங்கதை ஒன்று உண்டு. மதுரைச் சுல்தான்கள் காலத்தில் மதுரைக்கும் வந்து போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1330-களில், இந்த ஊருக்கு வந்தார். அப்போது இதன் பெயர் லாதிக். ஊருக்குள் நுழைந்ததும் கடைவீதியிலிருந்து சிலர் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார்கள். வேறு சிலர் வந்து அவர்களோடு சண்டைக்கு நின்றிருக்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் என்று இவர் பயந்துபோனார். கடைசியில் பார்த்தால், இரண்டு சகோதரத்துவ அமைப்பினர், விருந்தாளியை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது என்று போட்டி போட்டிருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கித்தான் தீர்த்தார்களாம். இந்த ஊர்ப் பெண்கள் நெய்த, பொன்சரிகை வைத்த பருத்தித் துணிக்கு ஈடில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். விருந்தோம்பலும் நெசவும் இன்றும் அங்கே இருக்கின்றன. கூப்பிடுகிற எல்லோரையும் சந்தேகிக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு கோப்பைத் தேநீருக்கு அழைப்பவர் பெரும்பாலும் தேநீருக்குத்தான் அழைக்கிறார்.

எங்கே தங்குவது

மூன்று வழி உண்டு. டெனிஸ்லி நகரம்: ஓட்டோகாரை ஒட்டி எளிய ஓட்டல்கள், நல்ல சாப்பாடு, எல்லாப் பக்கமும் வண்டி வசதி. பாமுக்கலே கிராமம்: வெள்ளை மலையின் அடிவாரத்திலேயே குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள், விடியற்காலையில் எழுந்தால் மலைக்கு மேலே வெப்பக்காற்று பலூன்கள் மிதப்பதை மாடியிலிருந்தே பார்க்கலாம். காரஹயித்: வெந்நீர்க் குளம் உள்ள ஓட்டல்கள், குளியலுக்காகவே வருகிறவர்களுக்கு ஏற்றது. நாங்கள் முதல் இரண்டு இரவு நகரத்திலும் கடைசி இரவு கிராமத்திலும் இருந்தோம். இன்னொரு முறை போனால் மாற்றிக்கொள்வேன்: முதல் இரண்டு இரவு கிராமம், கடைசி இரவு நகரம். சுமை தூக்கிக்கொண்டு கடைசி நாள் அலையவேண்டாம்.

நகரத்தில் ஒரு மாலை

டெனிஸ்லியைப் பலர் வண்டி மாறும் இடமாக மட்டும் நினைக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதாவது அதற்குக் கொடுங்கள். கலேயிச்சி என்ற பழைய கடைத்தெருவில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்களும் துணிக்கடைகளும் இருக்கிறார்கள். துண்டு, குளியல் அங்கி, படுக்கை விரிப்பு என்று ஏற்றுமதி செய்யும் நெசவு நகரம் இது. பக்கத்து ஊரான புல்தானில் நெய்யும் சுருக்கம் விழுந்த பருத்தித் துணி மெத்தென்று இருக்கும், பையில் இடத்தையும் அடைக்காது. மெல்லிய 'பெஷ்தெமால்' துண்டு ஒன்றை முதல் நாளே வாங்கிவிட்டால் மறுநாள் குளியலுக்கும் ஆகும்.

ஊரின் அடையாளம் சேவல். டெனிஸ்லிச் சேவல் ஒரே மூச்சில் பதினைந்து, இருபது விநாடி கூவும் இனம். நகரத்தில் அதன் சிலையை அடிக்கடி பார்ப்பீர்கள்.

சாப்பாட்டுக்கு டெனிஸ்லி கெபாப். ஆட்டுக்கறியை எலும்போடு, மசாலா ஏதும் சேர்க்காமல், அடுப்புக் குழியில் பல மணி நேரம் வேகவிட்டு, ரொட்டி மேல் வைத்து, வெங்காயமும் தக்காளியும் கூடவே தருவார்கள். இதை முள்கரண்டி இல்லாமல் கையால் சாப்பிடுவதுதான் ஊர்வழக்கம். நான் கையால் சாப்பிடுவதைப் பார்த்துக் கடைக்காரர் இன்னொரு ரொட்டி வைத்துவிட்டுப் போனார்.

அம்மா சைவம். அவரை மூன்று நாளும் பட்டினி போடாமல் காப்பாற்றியவை இவை: பருப்பு சூப்பான மெர்ஜிமெக் சோர்பா, உருளைக்கிழங்கோ கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தோசைக்கல் போன்ற கல்லில் சுடும் கோஸ்லெமே, ஒலிவ எண்ணெயில் சமைத்துச் சூடாறியபின் பரிமாறும் காய்கறிகள், தயிர், மோர் போன்ற அய்ரான். ஆனால் சூப்பையும் சோற்றையும் கறி வேகவைத்த சாறில் சமைப்பது அங்கே சர்வசாதாரணம். "எத் யெமியோரும்" என்றால் 'கறி சாப்பிடமாட்டேன்'. அதோடு நிறுத்தாமல் "எத் சுயு வார் மு?", அதாவது 'கறிச்சாறு இருக்கிறதா?' என்றும் கேளுங்கள். கடைசியில் வரும் 'மு'வின் உயிரொலியைத் துருக்கியில் புள்ளி வைக்காத 'i' எழுத்தால் எழுதுவார்கள். மற்றவர்கள் அதை உச்சரிக்கத் திணறுவார்கள். நமக்குக் குற்றியலுகரம் பழகிய வாய்; 'பாட்டு', 'காற்று' என்பவற்றின் கடைசி ஒலியைப் போட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

பெரிய நாள்: வடக்கு வாசலிலிருந்து இறங்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாமுக்கலே வளாகத்துக்கு மூன்று வாசல். கிராமத்துப் பக்கம் கீழ்வாசல், மேலே தெற்கு வாசல், வடக்கு வாசல். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் தெற்கு வாசலில் இறக்கிவிடும். நடந்து வருகிறவர்கள் கீழ்வாசலில் ஏறத் தொடங்குவார்கள். நீங்கள் காரஹயித் போகும் தொல்முஷில் ஏறி, காலையிலேயே வடக்கு வாசலில் இறங்குங்கள். அங்கிருந்து பழைய நகரம் முழுவதையும் பார்த்துக்கொண்டே தெற்கே வந்து, வெயில் தாழ்ந்தபின் வெள்ளைப் பாறை வழியாகக் கிராமத்துக்கு இறங்கலாம். ஏற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் செங்குத்தான பகுதி இறக்கமாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் மறுபடி யோசிக்கவேண்டும். அம்மா பாதி வழியோடு நிறுத்திவிட்டு மேலே திரும்பி, தெற்கு வாசல் வழியாக வண்டியில் வந்தார்.

வெளிநாட்டவர் நுழைவுக்கட்டணம் யூரோவில் கணக்கிடப்படுகிறது. 2024-இல் 30 யூரோ. துருக்கியில் இன்னும் பல இடங்கள் பார்ப்பதாக இருந்தால், பல அரசு அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்துச் செல்லும் அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரும் சிற்றுண்டியும் கையோடு கொண்டுபோங்கள். நாள் முழுக்க ஆகும்.

வடக்கு வாசலுக்குள் நுழைந்ததும் கல்லறைகள். ஆயிரத்துக்கும் மேல். ஹியராபோலிஸ் என்ற நகரத்தின் இடுகாடு இது; சாலையின் இரு பக்கமும் வீடுபோன்ற கல்லறை, வட்டமான மண்மேடு, கற்பெட்டி என்று இரண்டு கிலோமீட்டர் நீள்கிறது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு எராப்போலி என்றால் தெரியும். கொலோசெயர் நிருபத்தில் லவோதிக்கேயாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் எழுப்பிய நகரம், கி.மு. 133-இல் ரோமின் கைக்குப் போனது. அடிமையாக இருந்து தத்துவ ஆசானாக உயர்ந்த எபிக்டெட்டஸ் பிறந்த ஊரும் இதுதான்.

கல்லறைகளை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். ஃப்ளாவியஸ் ஸெயுக்ஸிஸ் என்ற வணிகரின் கல்லறை நகரவாசலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. புயலுக்குப் பேர்போன, கிரேக்கத்தின் மலேயா முனையைச் சுற்றி 72 முறை இத்தாலிக்குக் கடல் வழியே போய் வந்தேன் என்று அதன் வாசலில் எழுதி வைத்திருக்கிறார். கடலே கண்ணுக்குத் தெரியாத இந்த மலைமேல் வாழ்ந்தவர் அவர். இன்னொன்று அம்மியானோஸ் என்பவரின் கற்பெட்டி, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. அதன் மூடியில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வளைதண்டும் இணைதண்டும் சேர்ந்த எந்திரத்துக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அந்தச் சிற்பம்.

பிறகு மூன்று வளைவுள்ள ஃப்ரொண்டினஸ் வாசல். கி.பி. 80-களில் இங்கே ஆளுநராக இருந்தவர் கட்டியது. பின்னாளில் ரோம் நகரத்தின் நீர்வழங்கலுக்குத் தலைமை ஏற்று, அந்நகரின் நீர்க்கால்வாய்களைப் பற்றி நூல் எழுதியவர் அவர். வாசலை ஒட்டி ஒரு பொதுக் கழிப்பறை தூண்களோடு நிற்கிறது. அதையும் எட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் ஓடிய வாய்க்கால் அப்படியே தெரிகிறது.

புனித பிலிப்புவின் நினைவாக ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய எண்கோணக் கோயில் மேட்டின் மேல் தனியாக இருக்கிறது. ஏற்றம் கடினம்தான், ஆனால் அங்கிருந்து சமவெளி முழுவதும் தெரியும். அதன் பக்கத்திலேயே பிலிப்புவின் கல்லறை என்று கருதும் இடத்தை 2011-இல் இத்தாலிய அகழாய்வுக் குழு கண்டுபிடித்தது. 1957 முதல் இத்தாலியர்கள் இங்கே தோண்டி வருகிறார்கள்.

அரங்கத்துக்குப் போய் மேல்வரிசையில் உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறுங்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடியது. மேடைச் சுவரை மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு கீழே வந்து புளூடோனியத்தைப் பாருங்கள். பாதாளத்தின் வாசல் என்று பழங்காலத்தவர் நம்பிய குகை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சிட்டுக்குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்தார். உடனே மூச்சு நின்று விழுந்தன என்கிறார். காளையை உள்ளே இழுத்துச் சென்றால் சாகும், பூசாரிகள் மட்டும் உயிரோடு வருவார்கள். 2013-இல் இந்த இடம் உறுதிப்படுத்தப்பட்டது. 2018-இல் வெளியான ஆய்வு காரணத்தையும் சொன்னது. பூமிக்கடியிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. இரவில் தரையை ஒட்டி ஏரிபோலத் தேங்கி, விடியற்காலையில் மிகச் செறிவாகிறது. வெயில் ஏறினால் கலைகிறது. குனிந்த தலையுள்ள விலங்கு சாகும், நிமிர்ந்து நிற்கும் மனிதன் பிழைப்பான். வேலிக்கு இப்பால் நின்றே பாருங்கள். வேலி சும்மா போடப்படவில்லை.

வெள்ளை மலையைக் கட்டியதும் அதே வாயுதான். மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பூமியின் சூட்டில் சூடேறி, கரியமில வாயுவின் துணையால் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளிக்காற்று பட்டதும் வாயு பிரிந்து போகிறது. சுண்ணாம்பைச் சுமக்க முடியாமல் தண்ணீர் கீழே விடுகிறது. முதலில் கூழ்போல மெத்தென்று படிந்து, பின் கல்லாக இறுகும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நம்ம வெந்நீர் அண்டாவுல வெள்ளையா அடிப்பிடிக்குமே, அதுதானேடி இது!" அதுவேதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடிப்பிடித்த அண்டா. ஸ்ட்ராபோ காலத்தில் இந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, அது கல்லானதும் வேலியாக வைத்துக்கொண்டார்கள். கம்பளிக்குச் சாயம் ஏற்றவும் இந்தத் தண்ணீர் உகந்தது என்று பேர் பெற்றிருந்தது.

பழங்காலக் குளத்துக்குள் இறங்கத் தனிக் கட்டணம். ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கக் கட்டணமில்லை. 36 பாகைச் சூடு, சோடாபோலக் குமிழி வரும் நீர், அடியில் பழைய நிலநடுக்கத்தில் சரிந்த பளிங்குத் தூண்கள். தூண்களின் மேல் கால் வைத்து நிற்கலாம். கூட்டமில்லாத நேரம் கிடைத்தால் இறங்குங்கள். கிளியோபாட்ரா குளித்த குளம் என்று சொல்வார்கள், அது கதை.

மாலை நான்கு மணிக்கு மேல் வெள்ளைப் பாறைக்கு வாருங்கள். தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், சாக்ஸும் கூடாது. மறந்தால் காவலர் விசில் ஊதுவார். காரணம் நியாயமானது: பாறை மென்மையானது, காலணி தேய்த்துக் கறுக்கும். ஒரு காலத்தில் மேலேயே ஓட்டல்கள் இருந்தன, ஊற்றுநீரைத் தங்கள் குளங்களுக்கு எடுத்தன, பாறையின் குறுக்கே சாலையும் போட்டிருந்தார்கள். 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான பிறகு அந்த ஓட்டல்களை இடித்தார்கள். சாலை இருந்த இடத்தில்தான் நீங்கள் இப்போது நடக்கும் குளங்களை அமைத்திருக்கிறார்கள்.

அதனால் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். நீலநீர் தளும்பும் எல்லாப் பாத்திகளிலும் கால் நனைக்க முடியாது. பல பகுதிகள் பாதுகாப்புக்காக மூடப்பட்டிருக்கும். தண்ணீரையும் முறைவைத்துத்தான் திருப்பி விடுகிறார்கள். வயலுக்கு முறை வைத்து மடை திறப்பதுபோல, இன்று நனைந்த பாறை நாளை காயும். எப்போதும் நனைந்தபடி இருந்தால் பாசி படரும், வெண்மை போய்விடும். காய்ந்திருக்கும் பாத்தியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மலையைக் காப்பாற்றும் வேலை.

வரி வரியான பாறை காலைச் சற்றுக் குத்தும், ஆனால் வழுக்காது. வழவழப்பாக இருக்கும் இடம்தான் ஆபத்து. குளத்தின் அடியில் வெண்சேறு கணுக்கால் வரை ஏறும். சூரியன் சாயும்போது வெள்ளை மெல்ல மஞ்சளாகி, ரோஜா நிறமாகி, பின் நீலமாகும். மதியத்தில் வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காதது இந்த ஒரு மணி நேரம்தான்.

காரஹயித்தில் முழுக்கு

மறுநாள் உடம்பு வலிக்கும். காரஹயித்துக்குப் போங்கள். அங்கே ஊற்றுநீரில் இரும்பு கலந்திருப்பதால் பாறை செந்நிறமாகப் படிந்திருக்கிறது. பாமுக்கலேயின் வெள்ளைக்கு நேர் எதிர். தண்ணீரும் இன்னும் சூடு. ஊருக்கு நடுவே செந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு, ஓட்டல் குளம் ஒன்றில் பகல்நேரக் கட்டணம் கட்டிக் குளிக்கலாம். குளிக்கும் உடை கட்டாயம். வெளிர்நிற உடையும் புதுத் துண்டும் வேண்டாம், இரும்புக்கறை போகாது. ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. நோயைத் தீர்க்கும் என்று கடைகளில் சொல்வதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அம்மாவின் முழங்கால் அன்றிரவு லேசாக இருந்தது, அது உண்மை.

இந்தச் சமவெளியின் சூடு குளியலோடு நிற்பதில்லை. மேற்கே சராய்கோய் பக்கம் கிசில்தெரேயில் 1984-இலேயே பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். துருக்கியில் அதுதான் முதல் நிலையம். ரயிலில் வந்தவர்கள் வழியில் ஆவி எழும் குழாய்களையும் கண்ணாடித் தோட்டங்களையும் பார்த்திருக்கலாம்.

இன்னொரு முழு நாள் கிடைத்தால் அஃப்ரோடிசியாஸ் போங்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர்; பொதுவண்டியில் போவது சிரமம், கிராமத்திலிருந்து நாள் சுற்றுலா வேன் கிடைக்கும். 1958-இல் வழிதவறி வந்த புகைப்படக்காரர் அரா குலேர், பழந்தூண்களுக்கு நடுவே ஊர்மக்கள் வாழ்வதைப் படமெடுத்துத்தான் உலகத்துக்குக் காட்டினார். முப்பதாயிரம் பேர் அமரும் ஓட்டப்பந்தய அரங்கு ஏறக்குறைய முழுதாக நிற்கிறது, கூட்டம் கிடையாது. அரை நாள்தான் இருக்கிறது என்றால் டெனிஸ்லிக்குக் கிழக்கே காக்லிக் குகை: பாமுக்கலேயின் வெண்பாத்திகளைச் சிறிதாக்கிப் பூமிக்கடியில் வைத்ததுபோல இருக்கும். கந்தக வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நாள்: லவோதிக்கேயா

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இது. எனக்கு மூன்று நாளில் மிகவும் பிடித்ததும் இதுதான். டெனிஸ்லிக்கும் பாமுக்கலேக்கும் நடுவே, நகரத்திலிருந்து 6 கிலோமீட்டரில் இருக்கிறது. பெட்டிகளை ஓட்டோகாரில் 'எமானெத்' என்று எழுதியிருக்கும் அறையில் வைத்துவிடுங்கள். நம் பழைய பத்திரங்களில் வருகிற 'அமானத்து' என்ற அதே சொல்தான். பாமுக்கலே தொல்முஷில் ஏறி, லவோதிக்கேயா பெயர்ப்பலகை உள்ள திருப்பத்தில் இறங்கினால் ஒரு கிலோமீட்டர் நடை. வெயில் ஏறுமுன் போங்கள், மரநிழல் இல்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஆண்டியோக்கஸ் தன் மனைவி லவோதிக்கேயின் பெயரில் எழுப்பிய நகரம். கறுப்புக் கம்பளியில் பணம் சேர்த்த ஊர். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமிடம் கைநீட்டாமல் தன் காசிலேயே மீண்டும் கட்டிக்கொண்டது என்று ரோம வரலாறு சொல்கிறது. 2003 முதல் பாமுக்கலே பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்து, விழுந்த தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறது. நான்காம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் தரையை மேலே போட்ட பாதையில் நின்று பார்க்கலாம்.

விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம் இந்த ஊர்ச் சபையைக் 'குளிருமல்ல அனலுமல்ல' என்று கடிந்துகொள்ளும். அதைத் தண்ணீரை வைத்து விளக்குகிறவர்கள் உண்டு: ஹியராபோலிசுக்கு வெந்நீர், பக்கத்து மலையடிவார ஊரான கொலோசெவுக்குக் குளிர்ந்த நீர், குழாயில் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த லவோதிக்கேயாவுக்கு வெதுவெதுப்பு. எப்படியானாலும் தண்ணீரின் அருமை தெரிந்த ஊர். கி.பி. 114-இல் பொறித்த நீர்ச் சட்டக் கல் ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. நகரத்தின் நீரைக் கெடுப்பவருக்கும் குழாயைச் சேதப்படுத்துபவருக்கும் 5,000 முதல் 12,500 தெனாரி வரை அபராதம்.

தெற்குப் பக்கம் நடந்தால் நீர்க்கோபுரத்தின் மிச்சம் நிற்கிறது. அதில் பதித்த சுடுமண் குழாய்களைக் குனிந்து பாருங்கள். சுவரோடு சுவராகச் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து இறுகியிருக்கிறது. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு குழாயின் வாயை நெடுநேரம் பார்த்தார். நடுவில் ஒரு விரல் நுழையும் இடம்தான் மிச்சம் இருந்தது. "அண்டாவைத் தேய்க்கலாம், இதை எப்படித் தேய்ப்பாங்க" என்றார். பிறகு சாலைக்கு வந்து கை காட்டினோம். முதலில் வந்த தொல்முஷே நின்றது.